9.71-ஐ அடித்துவிட்டு 9.8 எழுதச் சொன்னவர்களுக்கு

நெல்லைச் சீமைக் கல்வி அதிகாரிகளுக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்த முறை தனிஊசல் சோதனையில், அதாவது நூலில் கட்டிய குண்டு ஆடும் நேரத்தை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தை (g) காணும் சோதனையில், ஒரு மாணவி, தான் எடுத்த ரீடிங்கை வைத்துக் கணக்குப் போட்டு, g = 9.71 மீ/வி² என்று ரெக்கார்டு நோட்டில் எழுதியிருக்கிறாள். அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் புத்தக மதிப்பான 9.8 என்று போட்டுக் கொடுத்தாயிற்று. அதே கட்டில் இருந்த மற்ற நோட்டுகளில் எல்லாம், சொல்லி வைத்தாற்போல 9.8.

9.71-ல் என்ன தப்பு? ஒரு மீட்டர் ஊசல் 20 அலைவுக்கு ஏறக்குறைய 40 நொடி எடுக்கும். ஸ்டாப் வாட்ச் அமுக்குவதில் 0.2 நொடி முன்பின் ஆனாலே நேரத்தில் அரை சதவீதம் போச்சு. நேரத்தை வர்க்கப்படுத்துவதால் g-யில் அது ஒரு சதவீதம், அதாவது 0.1. ஆகவே 9.7-ம் சரி, 9.9-ம் சரி. போதாததற்கு, நிலநடுக்கோட்டுக்கு 9 டிகிரிக்குள் இருக்கும் திருநெல்வேலியில் g-யின் மதிப்பே 9.78 தான்.

பிசகான விடைக்கும் பேச்சு உண்டு. 10.8 வந்தால் பிள்ளை ‘ஒன்று’ என்று எண்ண ஆரம்பித்திருக்கிறது. குண்டு நடுக்கோட்டைத் தாண்டும்போது ‘பூஜ்யம்’. மறுபடி அதே திசையில் தாண்டினால்தான் ‘ஒன்று’. 9.68 வந்தால் நூலை மட்டும் அளந்து, குண்டின் ஆரம் 1 செ.மீ.யைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். 9.45 என்றால் 30 டிகிரிக்கு இழுத்து விட்டிருக்கும். மீட்டர் நூலுக்கு 8 செ.மீ. இழுப்பே தாராளம். ஃபேனை அணைக்காவிட்டால் குண்டு வட்டமடிக்கும். எல்லா நோட்டிலும் 9.8 என்றால் ஒன்றுதான் தெரிகிறது: யாரும் அளக்கவில்லை.

அளந்ததற்கு மதிப்பெண் போடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

மனப்பாட விடை செய்முறையோடு நிற்கவில்லை. அறிவியல் கோட்பாட்டை (தியரியை) உண்மை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாமா என்று மேடையில் வாதம் நடக்கிறது. குண்டு விழுவது உண்மை. அதற்கு நியூட்டன் சொன்ன விளக்கம் கோட்பாடு. புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) நியூட்டன் கணக்குக்கு அடங்காமல் நகர்ந்தது. 1915-ல் ஐன்ஸ்டைன் கணக்கில் அடங்கியது. அதற்காக நியூட்டனை யாரும் பரணில் போடவில்லை. இஸ்ரோவின் மகேந்திரகிரி நிலையத்தில் ராக்கெட் எஞ்சினின் உந்துவிசைக்கு இன்றும் அவர் கணக்குதான். எதுவரை செல்லும், எதனால் நம்புகிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது பாடம்.

நம் வகுப்பில் தியரியைக் ‘கொள்கை’ என்றால் பிள்ளைகளுக்குக் கட்சி ஞாபகம் வருகிறது. டார்வினின் பரிணாமக் கொள்கையை ஐந்து மதிப்பெண்ணுக்கு உருப்போட்டவனிடம் நாளை ஒருவர் “அது வெறும் தியரிதானே தம்பி” என்றால் முழிப்பான். ஆதாரம் என்ன என்று வினாத்தாள் அவனைக் கேட்டதே இல்லையே! மத்தியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தைத் தூக்கியபோது நாம் சத்தம் போட்டோம். நம் மாநிலப் பாடத்தில் நாம் அதைத் தூக்கவில்லை, மந்திரமாக்கி வைத்திருக்கிறோம். பன்னீர் தெளிப்பது மட்டும்தான் பாக்கி.

பேச்சு எங்கேயோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ரீடிங்குக்கும் பிழையைக் கண்டுபிடித்து எழுதுவதற்கும் மதிப்பெண் ஒதுக்கிச் சுற்றறிக்கை அனுப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். அளந்ததற்கு மதிப்பெண் போடுங்கள். அதற்கு முன்னால், அந்தப் பிள்ளையின் நோட்டை வாங்கி, 9.71-க்குப் பக்கத்தில் ஒரு ‘சரி’ போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெல்லைப் பக்கத்து இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்