துளை தெரிந்தபின் வேப்பெண்ணெய் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த குறிப்பொன்றில், மாதுளங்காயில் துளை கண்டவுடன் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்குமாறு கூறப்பட்டிருந்தது. மட்டக்களப்பின் படுவான்கரையில் வீட்டை ஒட்டிய காணியில் சில ஆண்டுகளாக மாதுளை வளர்த்துவரும் நான், முதற்போகத்தில் அதையே செய்து காயையும் காசையும் இழந்தவன் என்பதால் இதனை எழுதுகிறேன்.

காயைத் துளைப்பது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. தாய்ப்பூச்சி பூவின் புல்லியிலும் பிஞ்சிலும் முட்டைகளைத் தனித்தனியாக இடுகிறது. பொரித்த புழு உள்ளே புகுந்து முத்துக்களைத் தின்பதோடு, துளையைத் தன் பின்னுடலாலேயே அடைத்துக்கொள்வதால், அதன்பின் வெளியே எதைத் தெளித்தாலும் அது தோலை நனைப்பதோடு நின்றுவிடும். வேம்பில் குறையில்லை, தெளிக்கும் காலத்தில்தான் பிழை. லீற்றருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஓர் இரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, பூக்கும்போதும் பிஞ்சு பிடிக்கும்போதும் வெயில் தாழ்ந்தபின் தெளித்தால் பலனுண்டு.

என் தோட்டத்தைக் காப்பாற்றியது துணிப்பைதான். தேசிக்காய் அளவுக்கு வருமுன் காயின் நுனியில் வாடிநிற்கும் புல்லியைக் கத்தரித்துவிட்டு, பழைய பருத்திச் சேலையில் தைத்த பையைக் காம்போடு தளர்வாகக் கட்டுகிறோம். பொலித்தீன் உள்ளே வியர்த்துக் காயை அழுகச் செய்யும். கடதாசியோ ஐப்பசி மழைக்கு நில்லாது. கட்டுமுன் ஒவ்வொரு காயையும் திருப்பிப் பார்க்கவேண்டும், ஏனெனில் புழு புகுந்த காயை மூடுவது கள்ளனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவது போன்றது.

விழுந்த காய்களை நான் முன்பு பசளைக் குவியலில் எறிந்துவந்தேன். அவற்றுக்குள்ளேயே புழு கூட்டுப்புழுவாகி மீண்டும் பறந்து வரும் என்பது பின்னரே புரிந்தது. இப்போது அன்றாடம் பொறுக்கி ஆழக் குழியில் புதைக்கிறேன். பழ ஈக்காகத் தொங்கவிடும் மெதைல் இயூஜினோல் பொறியை இதற்கும் வாங்கிக் கட்டியோர் எங்கள் ஊரில் உளர். அது ஆண் பழ ஈக்களை ஈர்க்குமேயன்றி இந்த வண்ணத்துப்பூச்சியை ஈர்க்காது.

எனினும், கொய்யாவும் புளியும் இதே புழுவுக்கு உணவாவதால், ஒரு வளவில் மட்டும் பை கட்டி முடிக்கும் வேலையன்று இது. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்கும் பீடைநாசினிக்கும் திடீரெனத் தடை வந்தபோது பட்ட அடியால், 'சேதனம்', அதாவது இரசாயனமற்ற இயற்கைச் செய்கை, என்றாலே எம்மவர் முகஞ்சுளிக்கின்றனர். அவர்களிடம் இரசாயனப் போத்தலுக்குப் பதிலாக வேப்பெண்ணெய்ப் போத்தலைத் தெளிக்கச் சொல்வதில் மட்டும் பயனில்லை. விவசாயப் போதனாசிரியர்கள் ஒரு கிராமத்தின் அயல்வளவுகளை ஒன்றுசேர்த்து, பை கட்டுவதையும் விழுந்த காய் பொறுக்குவதையும் ஒரு போகம் முழுதும் செய்துகாட்ட முன்வரவேண்டும். தாங்களும் அடுத்த பூப் பூக்குமுன் அக்குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
மாதுளைச் செய்கையாளர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.