அந்த மெயின் சுவிட்சை இரவில் அணைக்காதீர்கள்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். வழமைபோல் மாலை நாலரைக்குக் கணினி ஆய்வுகூடத்தின் மெயின் சுவிட்சை அணைத்தார்கள். இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் வேலை அதோடு போனது. 'அணைக்க வேண்டாம்' என்று நான் ஒட்டிய தாள் இன்னும் கதவில் இருக்கிறது. அணைத்தவரில் குறையில்லை, அவருக்குக் கிடைத்த உத்தரவு அது. உத்தரவைத்தான் மாற்றச் சொல்கிறேன். இதற்கு முன்பும் இரண்டு கடிதம் தந்தேன், பதில் வரவில்லை.

அவள் செய்தது இருபது வினாடி அனிமேஷன். விடியற்காலை, கல்லடிப் பாலத்தடியில் ஒருவர் தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறார். வலை வட்டமாக விரிந்து, தண்ணீரில் பட்டு, ஈயக்குண்டுகள் இழுக்க அமிழ வேண்டும். அவளுடைய அப்பா வாவியில் வலை வீசுபவர். அவர் முற்றத்தில் எறிந்து காட்டியதைப் போனில் எடுத்து வந்து, கை எந்த இடத்தில் வலையை விடுகிறது என்று பிரேம் பிரேமாகப் பார்த்துச் செய்தாள்.

வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படம், மொத்தம் 480. 200ஆவது பிரேமில் வலை கிடக்கும் விதத்தை வைத்துத்தான் 201ஆவதைக் கணினி கணக்கிடும். அந்தக் கணக்கு பாதியில் நின்றுபோனது, சேமிக்கவுமில்லை. மறுபடி முதலிலிருந்து. அது முடிந்தாலும் ரெண்டர் இருக்கிறது, அதாவது ஒவ்வொரு பிரேமையும் கணினி முழுப் படமாக வரைந்தெடுப்பது. பிரேமுக்கு நாலு நிமிடமென்றால் 32 மணித்தியாலம். ஆய்வுகூடம் திறந்திருப்பதோ நாளுக்கு எட்டு மணித்தியாலம், மற்ற வகுப்புகளும் அதற்குள்தான். வீட்டில் செய்யலாம் என்றால் அவளிடம் மடிக்கணினி இல்லை.

மின்சாரச் செலவு என்கிறீர்கள். 300 வாட் இழுக்கும் கணினி மாலை நாலரையிலிருந்து காலை எட்டரை வரை ஓடினாலும் ஐந்து யூனிட் வராது. மென்பொருளுக்கும் உங்களிடம் ஒரு சதம் கேட்கவில்லை. அனிமேஷன் செய்யும் பிளெண்டரும் கேம் செய்யும் கோடோவும் இலவசம்.

கேம் புரோகிராமிங் பிள்ளைகளின் பாடும் இதுதான். வினாடிக்கு 60 பிரேம் ஓட ஒவ்வொன்றையும் 16 மில்லிசெக்கனுக்குள் முடிக்க வேண்டும் என்று பலகையில் எழுதுகிறேன். படங்களை வேகமாக வரையும் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத மெஷினில் கேம் நொண்டுகிறது. "சேர், என்ட கோட் பிழையா, மெஷின் பிழையா?" என்று கேட்கிறான் ஒருவன். பாடத்திட்டத்தில் பெயரை மட்டும் போட்டுவிட்டு இந்தப் பிள்ளைகளை எந்த வேலைக்கு அனுப்பப் போகிறோம்?

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான். நாலு கணினிகளுக்காவது இரவில் கரண்டை விடுங்கள். சமர்ப்பிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. காவலுக்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

பணிவுடன்,
வருகைதரு விரிவுரையாளர்,
மட்டக்களப்பு