கயலுக்கு, ஹூஸ்டனிலிருந்து

25.08.2024, ஞாயிறு

அன்புள்ள கயல்,

நீ, மாப்பிள்ளை, பாப்பா மூவரும் நலமா? இங்கே நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அப்பத்தாவின் முழங்கால் அப்படியேதான். பெரில் புயலில் முறிந்து விழுந்த முருங்கை அடியிலிருந்து துளிர்த்து இப்போது என் இடுப்புக்கு வந்துவிட்டது. கீரை ஆய்ந்து பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் போன் வரும் என்று அப்பத்தா ஒன்பதரைக்கே திருநீறு பூசிக்கொண்டு ஐபேட் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். "அவளுக்கு வேலை இருக்கும் அத்தை" என்று நான் சொல்கிறேன். வேலை இருக்கும்தான். எனக்கும் மருந்துக்கடையில் வாரம் நாற்பது மணி நேரம் நின்றே போகிறது. ஆனாலும் பத்து வாரமாக "பிஸிம்மா", "அப்புறம் பேசறேன்மா" என்று இரண்டு வார்த்தைக்கு மேல் உன்னிடமிருந்து வரவில்லை. புயலன்றுகூட மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். ஐந்து நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம், ஐந்து நாளும் அவர்தான். "ஐஸ் இருக்கா, அப்பத்தா மருந்து கெடாம இருக்கா" என்று அரைத் தமிழில் கேட்டார். நான் பெற்ற பிள்ளை கேட்கவில்லை.

சரி, அதை விடு. இதை மட்டும் கேள். மாப்பிள்ளை ராத்திரியில் கார் எடுத்தால் லைசென்ஸும் இன்ஷூரன்ஸ் அட்டையும் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கக் கூடாது. போலீஸ் நிறுத்தினால் கையை உள்ளே விட்டுத் துழாவும்படி எதையும் வைக்க வேண்டாம். முன்னாலேயே, வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் இருக்கட்டும்.

முக்கியமான செய்தி. சிட்டிசன்ஷிப் நேர்காணல் போன செவ்வாய் முடிந்தது. பாஸ். நூறு கேள்வி படிக்கச் சொல்லியிருந்தார்கள், பத்து வரை கேட்பார்கள், ஆறு சரியாகச் சொன்னால் போதும் என்றார்கள். முதல் ஆறும் சரியென்று ஆறோடு நிறுத்திவிட்டார் அந்த அதிகாரி. பெருமையாகச் சொல்கிறேன். இருபத்தாறு வருஷமாக "இந்தியப் பாஸ்போர்ட்டை விட மாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தவள் நான். அப்பா எடுத்தபோதுகூட நான் எடுக்கவில்லை.

அந்த விண்ணப்பத்தைப் பிப்ரவரியில் நிரப்பியபோதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். கண் நிறம், முடி நிறம், உயரம், எடை எல்லாம் கேட்டு, இனம் என்ன என்று கட்டம் போட்டிருந்தார்கள். நான் ஆசியர் என்கிற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாப்பா பெரியவளாகி இப்படி ஒரு தாளை நிரப்பினால் எதில் டிக் அடிப்பாள் என்று தோன்றியது. இரண்டிலும் அடிக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. பார்க்கிறவர்கள் இடம் கொடுப்பார்களா?

படிக்கப் படிக்க ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விட்டேன். 1923-இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிக்காரருடைய வழக்கு. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அந்தக் காலத்தில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளிக்கும்தான் குடியுரிமை விண்ணப்பிக்க முடியும். இவர் என்ன வாதாடினார் தெரியுமா? நான் உயர்ந்த சாதி, ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று. சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. நம் ஆட்களுக்கு 1946-இல்தான் அந்தக் கதவு திறந்தது. அவரைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கறுப்பருக்கு அந்தச் சட்டத்தில் இடம் இருந்தது, ஆனால் அந்த வழியாக இவர் போக முடியாது. ஆனாலும் அந்தச் சட்டமே தப்பு என்று வாதாடாமல், மேலே போய் ஒட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறார். எனக்கு நம் வீடு ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையைப் பற்றி நீ முதலில் சொன்னபோது நான் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன், உனக்கே தெரியும்.

நேர்காணலில் நான்காவது கேள்வி, அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் யார் என்று. ஜூனில் நீங்கள் வந்திருந்தபோது இதே கேள்வியை மாப்பிள்ளை சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு, அட்டையைப் பார்த்து என்னிடம் கேட்டாரே. நான் வெங்காயம் அரிந்துகொண்டே "ஆப்பிரிக்கர்கள்" என்றேன். "சரி, அடுத்தது" என்றார். அவ்வளவுதான். அந்த அதிகாரி கேட்டபோதுதான், யாரிடம் யார் கேட்டு யார் பதில் சொன்னோம் என்பது எனக்கு உறைத்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார்.

உறுதிமொழி எடுக்கிற தேதி இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன். அட்லாண்டாவிலிருந்து எண்ணூறு மைல், உனக்கு லீவு கிடைக்காது, தெரியும். சும்மா சொல்லி வைத்தேன்.

லூசியானா, மிசிசிப்பி, அலபாமா மூன்றையும் தாண்டி ராத்திரியோடு ராத்திரியாகப் போனீர்களே, அன்றைக்கு விடிகிற வரை நான் படுக்கவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பினீர்கள். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் அவசரம் என்றாய். நானும் சரி என்று தலையாட்டி, வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தேன். அதனால்தான் லைசென்ஸைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பெட்டிக்குள் வேண்டாம்.

இன்னொரு சேதி, சிரிக்காதே. நான் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். ஜூலையில் ஆரம்பித்தேன், செவ்வாயும் வியாழனும் காலை ஆறரைக்கு, டியூட்டிக்கு முன்னால். முதல் வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தது மட்டும்தான். மூக்கில் தண்ணீர் ஏறி, நெற்றி வரை எரியும். இப்போது மல்லாந்து மிதக்கிறேன். காது தண்ணீருக்குள் போனதும் உலகமே அடங்கி, என் மூச்சு மட்டும் கேட்கிறது. அகலவாக்கில் ஒரு தடவை நிற்காமல் நீந்திவிட்டேன்.

என் பக்கத்தில் எழுபத்திரண்டு வயதில் ஒரு கறுப்பினப் பாட்டி. அவரும் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் இருந்த நீச்சல்குளத்துக்குள் அவர்களை விட மாட்டார்களாம். கம்பி வேலியில் முகத்தை வைத்து, மற்ற பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். கம்பியின் தடம் கன்னத்தில் பதிந்திருக்கும், வீட்டுக்குப் போனால் அவருடைய அம்மா அதைத் தேய்த்து விடுவார்களாம். "நீ ஏன் இத்தனை நாள் கற்றுக்கொள்ளவில்லை?" என்று என்னைக் கேட்டார். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் நீந்துவதில்லை என்று சொன்னேன். பொய். கிணற்றில் என் வயசுப் பெண்கள் நீந்தினார்கள். வெயிலில் ஊறினால் இன்னும் கறுத்துப்போவேன் என்று எங்கள் அம்மா என்னைப் படியோடு நிறுத்திவிட்டார்கள். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தும் என் கல்யாணத்தில் நிறத்துக்கென்று கேட்ட அந்தப் பத்துப் பவுன் கதை உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது கயல்.

உனக்குப் பன்னிரண்டு வயதில், கோடை நீச்சல் அணியில் எடுத்துக்கொண்டார்கள். நீலத் தாளில் கடிதம் வந்தது, நான் கையெழுத்துப் போட வேண்டும். "அப்பா வேலை ஆட்டத்தில் இருக்கு, இந்த வருஷம் பணம் இல்லை" என்று சொன்னேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாய். அப்பா வேலைக்கு அப்போது ஒரு ஆபத்தும் இல்லை. பணமும் இருந்தது. அந்த வருஷம்தான் எனக்கு வளையல் வாங்கினோம். இரண்டு மாதம் தினமும் வெயிலில் நின்றால் நீ கறுத்துவிடுவாய் என்பதுதான் காரணம். ஏற்கெனவே என் நிறம்தான் உனக்கும் வந்திருக்கிறது என்று எனக்குக் குற்ற உணர்ச்சி. வாராவாரம் கடலைமாவும் தயிரும் பூசி, ராத்திரியில் அந்த கிரீமைத் தடவி, "பரு வராமல் இருக்க" என்று உன்னிடம் சொன்னேன். உன்னிடம் எத்தனை பொய். மீனாட்சியின் மேனி பச்சை, அவள் கயல்போன்ற கண்ணழகி என்று கதை சொல்லி உனக்குப் பெயர் வைத்தவளும் நான்தான்.

கால்வெஸ்டனில் அந்தச் சனிக்கிழமை பாப்பா அலையைப் பார்த்து ஓடினபோது என் வாயிலிருந்து வந்தது என் பேச்சுக்கூட இல்லை, எங்கள் அம்மா பேச்சு. "குடைக்குள்ள வா, கறுத்துடுவே." அவள் திரும்பி, அவங்க அப்பா காலைக் கட்டிக்கொண்டு, "கறுத்தா என்ன அம்மாச்சி?" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். மாப்பிள்ளைக்கு அந்த வார்த்தை புரியும் என்று எனக்குத் தெரியாது. நீ அவருக்கு எவ்வளவு தமிழ் கற்றுக்கொடுத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சன்ஸ்க்ரீனை எடுத்து அவள் காது மடலுக்குப் பின்னால் நிதானமாகத் தடவிவிட்டு, கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கூட்டிப்போனார். காலையில்தான் ஸ்ட்ராண்ட் தெருச் சுவர் ஓவியத்துக்கு முன்னால் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு, லிங்கனின் அறிவிப்பு வந்து இரண்டரை வருஷம் கழித்து, 1865 ஜூன் 19 அன்று இந்த ஊரில்தான் விடுதலைச் செய்தியை வாசித்தார்கள் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கூட நின்று கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் கடற்கரையில் அப்படிச் சொன்னேன்.

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "வெயில் ஜாஸ்தி, அதான் சொன்னேன்" என்று மழுப்பினேன்.

இப்போது கமலா ஹாரிஸ் பேச்சுதான் எங்கும். பேர்லேண்ட் மீனாட்சி கோவிலில் போன வாரம் "நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி" என்று ஒரு அம்மா பூரித்துப்போனார்கள். இதே அம்மாதான் இரண்டு வருஷம் முன்னால் பாப்பாவைப் பார்த்து, "உங்க ஜாடையே இல்லையே" என்று கேட்டது. அப்போது நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். இந்தத் தடவை போனில் பாப்பா படத்தைக் காட்டி, "இதுவும் நம்ம பேத்திதான், நெற்றியப் பாருங்க, என் நெற்றி" என்றேன். அந்த அம்மா பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு வருஷம் தாமதம்தான்.

தலை வாருவதும் இப்போது எனக்குச் சரியாக வருகிறது. ஜூனில் என் நெருக்கப் பல் சீப்பை வைத்து இழுத்து அவளை அழவிட்டேனே. ஈரப்படுத்தி, கண்டிஷனர் போட்டு, நாலாகப் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே வர வேண்டும் என்று மாப்பிள்ளை காட்டிக்கொடுத்தார். நீங்கள் போன பிறகு அதே மாதிரி சீப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. லைசென்ஸ் விஷயத்தை மாப்பிள்ளையிடம் சொன்னாயா என்று மட்டும் ஒரு வரி அனுப்பு.

பாப்பாவின் நீச்சல் கண்ணாடி இங்கேயே தங்கிவிட்டது, அந்த ஊதா நிறக் கண்ணாடி. ரப்பர் பட்டையில் அவளுடைய சுருட்டை முடி இரண்டு சிக்கியிருக்கிறது, நான் எடுக்கவில்லை. அலமாரியில் என் நீச்சல் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்பட்டுமா, வரும்போது எடுத்துக்கொள்கிறாயா?

அன்புடன்,
அம்மா