"அம்மாவை நடக்க வைக்காதது என் தப்பா?"

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில், தினமும் நடந்தால் மறதி நோய் அண்டவே அண்டாது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் பிசியோதெரபிஸ்ட். வயதானவர்களை எழுப்பி நிற்க வைப்பதும் நடக்க வைப்பதும்தான் என் பிழைப்பு. உடற்பயிற்சியைப் புகழ்ந்து யார் எழுதினாலும் எனக்குச் சந்தோஷம்தான், அது என் தொழிலுக்கும் விளம்பரம். இருந்தும் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதாகிவிட்டது. காரணம், அந்தக் கட்டுரையைக் கத்தரித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் என்னிடம் வந்தார். அவருடைய அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய். "அம்மா நடக்கிறதை நிறுத்தி நாலைந்து வருஷம் ஆச்சு. நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கிட்டுப் போகலை. அதனாலதான் வந்துச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் நம்பியிருக்க மாட்டார், அச்சில் வந்ததாயிற்றே. அதனால் ஒயிட்ஹால் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். லண்டனில் 35 முதல் 55 வயதுக்குட்பட்ட அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 1985இல் தொடங்கிய ஆய்வு அது. எவ்வளவு நடக்கிறீர்கள், என்ன விளையாடுகிறீர்கள் என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார்கள். 2017இல் கணக்குப் பார்த்தபோது, நடுவயதில் நிறைய உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய்கள், வந்த அளவில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. டிமென்ஷியா வந்தவர்களின் நடமாட்டம், நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே குறைய ஆரம்பித்திருந்தது.

அதாவது, அந்த அம்மா நடையை நிறுத்தியதால் நோய் வந்தது என்பதைவிட, நோய் உள்ளே தொடங்கிவிட்டதால் அவர் நடையை நிறுத்தியிருக்கலாம் என்பதற்கே வாய்ப்பு அதிகம். வெளியே போகப் பிடிக்காமல் போவது, வழி தவறிவிடுமோ என்ற பயம், எதிலும் ஆர்வம் இல்லாமை எல்லாமே மறதிக்கு முன்பே வரக்கூடிய அறிகுறிகள். வீட்டில் இருப்பவர்கள் சோம்பல் என்பார்கள், வயசாகிவிட்டது என்பார்கள். மகளின் அலட்சியம் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

சரி, அப்படியானால் உடற்பயிற்சிக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் சொன்ன விதத்தில் இல்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு 2011இல் அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் குழுவினர் வெளியிட்டது. டிமென்ஷியா இல்லாத 120 முதியவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்கு வாரம் மூன்று நாள் நடந்தார்கள், சிறிது சிறிதாகக் கூட்டி 40 நிமிடம் வரை. மறுபாதி ஸ்ட்ரெச்சிங் போன்ற பயிற்சிகளைச் செய்தார்கள். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி அந்த வயதில் ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குவது வழக்கம். நடந்தவர்களுக்கு அது 2 சதவீதம் பெருத்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. கேட்க அருமையாக இருக்கிறதல்லவா? உங்கள் கட்டுரையிலும் இது வந்திருந்தது. வராமல் விட்டது இதுதான்: நினைவாற்றல் சோதனையில் இரண்டு குழுவுமே முன்னேறின. நடந்தவர்கள் மற்றவர்களைத் தெளிவாக மிஞ்சவில்லை. ஸ்கேனில் ஒரு பகுதி பெரிதாகத் தெரிவதும், மறந்த பெயர் நாக்கில் வந்து நிற்பதும் ஒன்றல்ல.

சக்கரத்தில் ஓடிய எலிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறந்தன என்பது 1999 முதல் தெரிந்த விஷயம், அதில் சந்தேகமில்லை. பெரியவர்களான மனிதர்களிடம் அப்படிப் பிறக்கிறதா என்பதில் 2018இல் மட்டும், சில வாரங்கள் இடைவெளியில், நேரெதிரான முடிவுகளோடு இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. அதனால் "நடந்தால் மூளையில் புது அணுக்கள் முளைக்கும்" என்பதை அத்தனை உறுதியாக அச்சிட வேண்டியதில்லை.

பெரிய ஆய்வுகளிலும் எதிர்பார்த்த பலன் தெரியாமல் போயிருக்கிறது. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையுள்ள, அதிகம் நடமாடாத 1,635 பேரில் பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகள் நடையும் தசைப்பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்பிட்டது உடல்நல வகுப்புக்கு மட்டும் வந்துபோன மறுபாதியோடு. 2015இல் வந்த முடிவு: அறிவுத்திறனில் ஒட்டுமொத்தமாக வித்தியாசமில்லை. ஆனால் 80 வயதைத் தாண்டியவர்களுக்கும், உடல் ஏற்கெனவே தளர்ந்திருந்தவர்களுக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் பலன் தெரிந்தது. திட்டமிடுவது, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, அவசரப்பட்டு பதில் சொல்லாமல் அடக்குவது ஆகிய வகைத் திறன்களில். இதற்கு முன்பும் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் இந்தத் திறன்களில்தான் உடற்பயிற்சியின் பலன் அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

என் அனுபவமும் அதேதான். என்னிடம் வருகிற ஒரு ஓய்வுபெற்ற கணக்காளரை "நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே நடங்க" என்பேன். கணக்கில் புலி. முதல் தடவை தொண்ணூற்று மூன்று என்று கம்பீரமாகச் சொன்னார். அடுத்த விடைக்குப் போகும்போது வலது கை வீச்சு நின்றது, பிறகு பார்வை தரையில் பதிந்தது, பிறகு காலும் நின்றேவிட்டது. எண்பத்தாறு என்று சொன்ன பிறகுதான் அடுத்த அடி. பேசினால் நடை நின்றுவிடுகிற முதியவர்கள் பிற்பாடு விழுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 1997இலேயே காட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு அது ஒரு எளிய சோதனை, கருவி எதுவும் வேண்டாம்.

சில மாதப் பயிற்சிக்குப் பிறகு அவர் அறுபத்தைந்து வரை நிற்காமல் வந்தார். விடைகள் மனப்பாடமாகியிருக்கலாம் என்று கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன், அப்போதும் கால் நிற்கவில்லை. குறுக்கே யாராவது வந்தால் விலகவும் செய்தார். என் பெயரை மட்டும் இன்றும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்! நடை அவருக்குக் கொடுத்தது ஒரே நேரத்தில் இரண்டு காரியம் பார்க்கும் கவனத்தை. பெயர்களை அது திருப்பித் தரவில்லை. அதில் எனக்கு ஏமாற்றமும் இல்லை. அவர் விழாமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம்.

நோய் ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு என்ன என்று அந்த மகள் அடுத்துக் கேட்டார். இங்கிலாந்தில் மிதமான டிமென்ஷியா வரை இருந்த 494 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. நான்கு மாதம் ஓரளவு கடினமான பயிற்சி கொடுத்தார்கள். உடல்திறன் கூடியது. அறிவுத்திறன் தேய்வது குறையவில்லை, பயிற்சி செய்தவர்களின் அறிவுத்திறன் ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிட லேசாகக் குறைவாகவே இருந்தது. இதை அவரிடம் மறைக்கவில்லை. அவருடைய அம்மாவை நான் நடக்க வைப்பது நினைவு திரும்பும் என்பதற்காக அல்ல. கழிவறைக்குத் தானாக எழுந்து போகும் தெம்பு இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்பதற்காக. மகளின் முதுகும் பிழைக்கும். பராமரிக்கிறவர்களின் முதுகைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

அப்புறம் அந்த மகளுடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டேன். அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அம்மாவை விட்டுவிட்டு என்னை ஏன் கேட்கிறீர்கள் என்றார். லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் 2024இல் மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14ஐப் பட்டியலிட்டது. அவை அத்தனையும் இல்லாமல் போனால் உலகில் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அதில் உடலுழைப்பின்மையின் பங்கு 2 சதவீதம். காது கேளாமைக்கு 7, நடுவயதில் கெட்ட கொழுப்பு கூடுவதற்கு 7. தினமும் நடந்துகொண்டே, காது கேட்காததைப் பத்து வருடம் கண்டுகொள்ளாமல் இருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். நடையால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எடையும் குறைகின்றன, மனச்சோர்வும் தணிகிறது. அந்தப் பட்டியலில் அவையும் இருக்கின்றன. மூளைக்குள் நடையின் பாதி வேலை இந்தச் சுற்றுவழியில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, ரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்தே இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பலன் கிடைத்தது. எது கொடுத்த பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது, சேர்த்துச் செய்யுங்கள் என்று சொல்லலாம்.

தினமும் பத்தாயிரம் அடி எடுத்து வைக்க வேண்டும் என்கிறார்களே, அது பற்றியும் ஒரு வார்த்தை. அது மருத்துவர்கள் கண்டுபிடித்த எண் அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடக்கும் அடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயர், வியாபாரத்துக்காக வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி. வயதானவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. இந்தக் கடைசி இரண்டும் உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பூங்காவில் ஓடும் இளைஞர்களின் படம் மட்டும் பெரிதாக இருந்தது.

இனி இத்தகைய செய்தி போடும்போது எத்தனை பேர், எவ்வளவு காலம், யாரோடு ஒப்பிட்டார்கள் என்ற மூன்றையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். "அண்டாது", "வராது" என்ற சொற்களைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது, எண்ணிக்கொண்டே நடப்பது ஆகிய பயிற்சிகளுக்குப் படங்களோடு கால் பக்கம் ஒதுக்க முடியுமானால் எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
வாசகி, பிசியோதெரபிஸ்ட்