நுஸ்பௌமின் படங்களையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாஜிகள் காலத்து ஓவியர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஃபெலிக்ஸ் நுஸ்பௌமுக்கு அதில் கிடைத்தது, நாஜிகளின் ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரிழந்த யூத ஓவியர் என்ற ஒரே வரி. தகவல் சரிதான். ஆனால் அவர் எதை, எப்படி வரைந்தார் என்பதற்கு இடமே இல்லாதது, ஓவியம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு மனதை உறுத்தியது.

நுஸ்பௌம் 1904-இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரில் பிறந்தவர். 1932-இல் உதவித்தொகை பெற்று ரோமுக்குப் போயிருந்தபோது, பெர்லினில் அவருடைய ஓவியக்கூடம் தீப்பிடித்து ஏராளமான படங்கள் எரிந்துபோயின. அடுத்த மாதமே, 1933 ஜனவரியில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1935-இலிருந்து பெல்ஜியத்தில் அகதி வாழ்க்கை. 1940 மே மாதம் ஜெர்மன் படை உள்ளே நுழைந்தபோது, நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவரையே எதிரி நாட்டவர் என்று பெல்ஜியம் கைது செய்து, தெற்கு பிரான்சின் முகாமுக்கு அனுப்பியது. எப்படியோ தப்பி பிரஸ்ஸல்ஸ் திரும்பி, பிறகு மனைவியோடு தலைமறைவானார்.

தொடக்கத்தில் அவர் படங்களில் வான் கோவின் சாயல் நன்றாகத் தெரியும். தலைமறைவு நாட்களில் வரைந்தவற்றில் யாருடைய சாயலும் இல்லை. 1943-இல் வரைந்த, யூத அடையாள அட்டையுடன் இருக்கும் தன்னுருவப் படத்தைப் பாருங்கள். உயர்ந்த சுவரின் மூலையில் நின்று, கோட்டுக் காலரைத் தூக்கிப் பிடித்தபடி பக்கவாட்டில் நம்மைப் பார்க்கிறார். கோட்டில், யூதர்கள் அணிந்தே ஆக வேண்டும் என்று நாஜிகள் கட்டாயப்படுத்திய மஞ்சள் நட்சத்திரம். அட்டையில் பிரெஞ்சிலும் டச்சிலும் 'யூதர்' என்று சிவப்பு முத்திரை. பிறந்த ஊரைப் படிக்க முடியாதபடி மங்கவைத்திருக்கிறார். சுவருக்கு அப்பால் கிளைகள் தறிக்கப்பட்ட மரம். கூடவே ஒரு கிளையில் பூவையும் வரைந்திருக்கிறார். பிடிபட்டால் உயிர் போகும் என்ற நிலையில் அந்தப் பூவுக்காக வேறு வண்ணம் குழைத்திருக்கிறாரே, அதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அதே ஆண்டு வரைந்த இன்னொரு தன்னுருவப் படத்தில், தூரிகைகளோடு வெற்றுடம்பாக இருக்கிறார். முன்னால் உள்ள வண்ணப் புட்டிகளில் நிறங்களின் பெயர் இல்லை. ஒன்றில் 'ஏக்கம்', ஒன்றில் 'துன்பம்'. வேறொன்றில் மண்டையோடு. வேதனையைத் தன் தொழிலின் மூலப்பொருளாகவே எடுத்து வைத்துக்கொண்ட ஓவியர் அவர். அவரை வெறும் பலியாக மட்டும் எழுதுவது நியாயமில்லை.

கடைசியாகக் கிடைத்துள்ள பெரிய படம் 'மரணத்தின் வெற்றி'. எலும்புக்கூடுகள் வாத்தியம் வாசிக்க, காலடியில் புத்தகங்களும் இசைக்கருவிகளும் சிதைந்து கிடக்கின்றன. 1944 ஏப்ரல் 18 என்று தேதியிட்டிருக்கிறார். ஜூனில் பிடிபட்டார். ஜூலை 31 அன்று பெல்ஜியத்தின் மெக்லன் நகரிலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்ட கடைசி ரயிலில் மனைவியோடு ஏற்றப்பட்டார். செப்டம்பர் முதல் வாரத்தில் பிரஸ்ஸல்ஸ் விடுதலையானது.

மனைவி ஃபெல்கா பிளாடெக்கும் ஓவியர்தான். வார்சாவில் பிறந்தவர். கட்டுரையில் அவர் பெயரே இல்லை. நுஸ்பௌமின் படங்களுக்காகவே ஓஸ்னாப்ரூக்கில் 1998-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இவருடைய படங்களும் உண்டு. அடுத்த இதழிலாவது, மேலே சொன்ன இரண்டு தன்னுருவப் படங்களையும் ஃபெல்காவின் படம் ஒன்றையும் முழுப் பக்க அளவில், வண்ணத்தில் வெளியிடுங்கள். கறுப்பு வெள்ளையில் போட்டால் நட்சத்திரத்தின் மஞ்சளும் முத்திரையின் சிவப்பும் தெரியாது.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்