குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் வரும். படிப்பது அவரவர் விருப்பம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். பொங்கல் விழாவும் குடியரசு தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. கொசுவுக்குப் புகை மருந்து அடிக்கப்பட்டது. தெருவிளக்குக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

பார்த்தீனியம் என்னும், தோலில் பட்டால் அரிக்கும் களைச்செடி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமது 62 மனைகளில் 21 காலி. செடி அங்கேதான் மண்டுகிறது. கிழக்கே சோளம் போட்டிருக்கும் விவசாயி, "உங்க சைட்டுல இருந்துதானுங்க விதை வருது" என்று இரண்டு முறை என் வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒரு செடியே 10,000 விதைக்கு மேல் கொட்டும் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

பூக்குமுன் கையால் பிடுங்க வேண்டும் என்று நான் முதல் கூட்டத்திலேயே சொன்னேன்; தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. செலவு குறைவு என்று, பூத்த பிறகு மெஷின் வைத்து வெட்டினார்கள். விதை தெரு முழுக்கச் சிதறியதுதான் மிச்சம். அடித்தண்டிலிருந்து மூன்றே வாரத்தில் மறுபடி துளிர்த்தது.

மழைக்குப் பின் ஒரு ஞாயிறு கைப்பிடுங்கல் வைத்தோம். பதினேழு பேர் பெயர் கொடுத்தார்கள், வந்தது ஒன்பது பேர். ஈர மண்ணில் அடித்தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தால் ஆணிவேர் முழுதாக வந்துவிடும். காய்ந்த மண்ணில் தண்டு மட்டும் கையோடு வரும். கையுறை வேண்டாம் என்ற உறுப்பினர் ஒருவருக்கு முழங்கை வரை பத்து நாள் அரிப்பு. அவர் துணைவியார் போனில் என்னிடம் சொன்னவற்றை அறிக்கையில் சேர்க்கவில்லை.

விட்டுப்போனதற்கு, லிட்டருக்கு 200 கிராம் உப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, பயிரில்லாத இடங்களில் மட்டும் தெளித்தோம். காற்றில் ஒரு வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று கருகியது உண்மை. தெளித்தது நான்தான். கன்றுக்குச் சங்கம் 60 ரூபாய் கொடுத்தது. வாங்கிக்கொண்ட அன்பர் இன்னும் சந்தா கட்டவில்லை.

இன்னொன்று. செடியில் பழுப்புக் கோடு போட்ட சிறு வண்டுகளைப் பார்த்து ஒருவர் பூச்சிமருந்து அடித்துவிட்டார். அது 1980-களில் மெக்சிகோவிலிருந்து, இந்தச் செடியைத் தின்பதற்கென்றே நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு. கூலி கேட்காமல் வேலை பார்ப்பது இந்தச் சங்கத்தில் அது ஒன்றுதான், அதையும் கொன்றாயிற்று.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாக, கையிருப்பு இருக்கிறது, அதிகமில்லை. காலி மனைக்காரர்களில் பாதிப் பேர் மூன்றாண்டாகச் சந்தா தரவில்லை. விலை விசாரிக்க மட்டும் மறக்காமல் போன் செய்கிறார்கள்.

தலைவர், பொருளாளர், காவலாளி, டீக்கடைக்காரர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு எனக்கு உடல்நிலை இடம் தருமா தெரியவில்லை. அடுத்த மழைக்குப் பின் செடி பிடுங்க இருபது பேராவது தேவைப்படும். கையுறை பன்னிரண்டு ஜோடியும் பிரிக்காத உப்பு மூட்டை ஒன்றும் என் கார் ஷெட்டில் இருக்கின்றன. புதிய செயலாளர் யாரோ, அவர் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். காலை ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்