தெக்கு வாசல் கராஜும் அப்பாவோட நிழலும்: எல்லாருக்கும் ஒரு பெரிய நன்றி

மூணு வாரமா அமெரிக்காவுல எடிசன்ங்கற ஊர்ல இருக்கற எங்க வீட்டு கராஜ் கதவு படுத்தின பாட்டுல உதவின எல்லாருக்கும் தனித்தனியா போன் பண்ண முடியல, அதான் இப்படி மொத்தமா.

விஷயம் தெரியாதவங்களுக்கு, அக்டோபர் கடைசில இருந்து சாயங்காலம் 5 மணி ஆனா கதவு அடையாது. ஒரு அடி இறங்கும், அப்படியே மேல ஏறிடும், மோட்டார் லைட் 10 தடவ மின்னும். காலைல நல்லா அடையும், ராத்திரியும் அடையும்.

முதல்ல வந்து பாத்த ரிப்பேர்காரர் (பேர் வேண்டாம்) அஞ்சே நிமிஷத்துல கதவோட பாரத்த தாங்கற ஸ்பிரிங் போச்சு மொத்தமா மாத்தணும்னுட்டார். நானே மாத்திக்கறேன்னு ஸ்பேனரோட ஏணில ஏறினவன, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓடி வந்து கைய புடிச்சு இறக்கினார். முறுக்கி வச்ச ஸ்பிரிங் அது, கம்பி நழுவினா கை எலும்பே போயிடும்னார். அப்புறம் கதவ அடைக்க வச்சு, செவப்பு கயித்த இழுத்து மோட்டார்ல இருந்து கழட்டி, கையால பாதி உசரம் தூக்கி விட்டுட்டார். அசையாம அங்கேயே நின்னுச்சு. ஸ்பிரிங் செத்திருந்தா கீழ இறங்கியிருக்குமாம். சார், என் கையும் பர்ஸும் உங்களாலதான் தப்பிச்சுது.

அடுத்து ஆபீஸ் நண்பர். நவம்பர்ல இங்க எல்லாரும் தள்ளற மாதிரி கடிகாரத்த ஒரு மணி பின்னாடி தள்ளினதும் கதவு மக்கர் பண்றது 4 மணிக்கு மாறிடுச்சுன்னு நான் சும்மா புலம்பினேன், அவர்தான் "அப்ப மிஷின்ல கோளாறு இல்லடா, வெயில்டா"ன்னு பட்டுனு சொன்னார். 1993ல இருந்து அமெரிக்காவுல விக்கற கராஜ் மோட்டார் எல்லாத்துலயும் குழந்தைங்க மாட்டிக்காம இருக்க பாதுகாப்பு வச்சே ஆகணும்ங்கறது சட்டம், அதுக்குத்தான் கீழ தரையில இருந்து 6 இஞ்சுக்குள்ள ரெண்டு பக்கமும் கண்ணு மாதிரி சென்சார், ஒண்ணு ஒளிய அனுப்பும் இன்னொண்ணு வாங்கும். வாங்கற கண்ணுல வெயில் அடிச்சா எதிர்ல இருந்து வர்ற ஒளி அதுக்குத் தெரியாது, குறுக்க ஏதோ நிக்குதுன்னு நெனச்சுக்கும்.

நான் நம்பல. நிரூபிச்சது அப்பா. திருநெல்வேலில இருந்து வந்திருக்காங்க, அன்னைக்கு லுங்கியோட டிரைவ்வேல நின்னு வேடிக்கை பாத்துட்டு இருந்தாங்க, அவங்க நிழல் நீளமா போய் கிழக்கு ஓரத்து சென்சார் மேல விழுந்துச்சு. ஒளிய வாங்கற கண்ணு அதுதான், அதுல அணைஞ்சு கெடந்த பச்சை லைட் சட்டுனு எரிஞ்சுது. பட்டன அமுக்கினேன், கதவு சாதுவா இறங்கிடுச்சு. "ஏல, நகரட்டுமா?"ன்னாங்க. நகந்தாங்க, பச்சை போச்சு! என் பொண்ணு தாத்தாவ நாலு தடவ முன்னாடி பின்னாடி நடக்க விட்டா.

எங்க கராஜ் தெக்கு பாத்தது, செப்டம்பருக்கு அப்புறம் சூரியன் தெக்கால சாஞ்சு மறையறதால கதவு வழியா உள்ள புகுந்து நேரா அந்தக் கண்ணுல அடிச்சிருக்கு. வீடு வாங்கும்போதே தெக்கு வாசல் வேண்டாம்னு சொன்ன அம்மாவுக்கு இப்ப இருக்கற சந்தோஷம் இருக்கே...

சனிக்கிழமை நண்பர் வந்து ரெண்டு சென்சாரையும் பக்கம் மாத்தி, வாங்கற கண்ண மேற்கு ஓரத்துல வச்சுக் குடுத்தார். காலை வெயில பக்கத்து வீட்டுச் சுவர் மறைச்சுடுது, அதனால அந்தப் பக்கம் தொல்லை இல்ல. பெரியவருக்கு அம்மா உளுந்த வடை குடுத்து விட்டாங்க, தட்டு திரும்பி வந்தாச்சு, கூடவே இன்னும் கிடைக்குமான்னு ஒரு கேள்வியும்.